எபர் நெகட்டிவ், எல்.எம்.பி.1 பாசிட்டிவ்: எதை நம்புவது?

மாட்டுங்கா மைக்ரோடோம்:
மும்பையில் ஒரு லிம்போமா (நிணநீர்ப் புற்று) ஆய்வுக்காகப் பழைய பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளில்) எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடுகிறோம். பெரும்பாலும் ஹாட்ஜ்கின் வகை லிம்போமா கேஸ்கள். நிணநீர்க் கணுவும் உண்டு, எலும்பு மஜ்ஜை பயாப்ஸியும் உண்டு. எல்லாம் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவை. மூன்று மஜ்ஜைகளில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் (ஹாட்ஜ்கினின் பெரிய புற்று செல்கள்) வைரஸ் புரதமான எல்.எம்.பி.1-க்கு நன்றாகச் சாயம் பிடிக்கின்றன. வைரஸின் சிறு ஆர்.என்.ஏ.வான எபரைத் தேடும் ஹைப்ரிடைசேஷனில் மட்டும் ஒன்றுமே இல்லை. அதே ரன்னில் போட்ட பாசிட்டிவ் கண்ட்ரோல் (வைரஸ் உண்டென்று தெரிந்த துண்டு) கன்னங்கரேலென்று வருகிறது. பி.சி.ஆர். போட்டு முடிவுகட்டிவிடலாமா?

பாராஃபின் பாண்டியன்:
கண்ட்ரோல் கறுத்தால் உங்கள் ப்ரோப் (எபரில் போய் ஒட்டும் தேடுதுண்டு) சரி, அவ்வளவுதான். அந்த மஜ்ஜையில் ஆர்.என்.ஏ. மிச்சம் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதே பிளாக்கின் அடுத்த செக்‌ஷனில் எல்லா செல்லிலும் இருக்கும் ஆர்.என்.ஏ.வைக் காட்டும் யூ6 அல்லது பாலி-டி ப்ரோப் போடுங்கள். அதுவும் வெறுமையாக வந்தால் உங்கள் எபர் நெகட்டிவே இல்லை; ரிப்போர்ட்டில் ‘மதிப்பிட இயலாது’ என்றுதான் எழுத வேண்டும்.

எபர் ஒரு செல்லுக்குப் பத்து லட்சம் பிரதி வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். அத்தனையும் காணோம் என்றால் என் முதல் சந்தேகம் டீகால்சிஃபிகேஷன் (எலும்பின் கால்சியத்தை நீக்குவது) மேல்தான். நைட்ரிக் அமிலம் எலும்பைச் சீக்கிரம் இளக்கும், கூடவே ஆர்.என்.ஏ.வையும் தின்றுவிடும். புரதம் ஓரளவு தாக்குப்பிடிப்பதால் எல்.எம்.பி.1 மட்டும் தெரிகிறது.

இனி வரும் மஜ்ஜைகளை முதலில் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் முழுதாக ஃபிக்ஸ் செய்துவிட்டு, கால்சியத்தை மெதுவாக இழுக்கும், பி.எச். 7.2-7.4 உள்ள இ.டி.டி.ஏ.வில் ஒன்றிரண்டு நாள் போடச் சொல்லுங்கள். ‘ரிப்போர்ட் லேட்டாகும்’ என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பழைய கேஸ்களுக்கு ஆஸ்பிரேட் க்ளாட் பிளாக் (ஊசியில் உறிஞ்சிய மஜ்ஜை உறைந்த கட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு அமிலமே தேவைப்படாது.

சயான் சித்ரா:
பாண்டியன் சார், க்ளாட் யோசனை மற்ற லிம்போமாக்களுக்குச் சரி, ஹாட்ஜ்கினுக்குப் பெரும்பாலும் உதவாது. மஜ்ஜையில் அது நார் பிடித்து அங்கங்கே உட்கார்ந்திருக்கும், ஊசியில் ஏறாது. அதே நோயாளியின் கணு பிளாக்கைத் தேடுவதுதான் வழி.

பி.சி.ஆர். வேண்டாம். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள், அது மெமரி பி செல்களில் உறங்கிக்கிடக்கும். துண்டு முழுவதையும் அரைத்து டி.என்.ஏ. எடுத்தால் பாசிட்டிவ் புற்று செல்லிலிருந்து வந்ததா, பக்கத்தில் நின்ற சின்ன லிம்போசைட்டிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. அமிலத்தில் ஊறிய பிளாக்கில் டி.என்.ஏ.வும் நொறுங்கியிருக்கும், அதனால் நெகட்டிவையும் நம்ப முடியாது.

எபரிலும் இதே கவனம் வேண்டும். நியூக்ளியஸ் கறுத்தால்தான் கணக்கு. சைட்டோபிளாசம் மட்டும் கறுத்தாலோ, ஓரம் மட்டும் கறுத்தாலோ தள்ளுங்கள். ஓரம் கறுப்பது ப்ரோப் காய்ந்ததன் அடையாளம். ஆங்காங்கே நாலு சின்ன செல் கறுத்துப் பெரிய செல்கள் வெளுப்பாக இருந்தால், அந்தக் கட்டி வைரஸ் பாசிட்டிவ் அல்ல.

இன்னொன்று. எல்.எம்.பி.1 ஹாட்ஜ்கினுக்குப் பொருந்தும், ஆய்வில் பர்க்கிட் வகை லிம்போமா வந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். அங்கே வைரஸ் இருந்தும் எல்.எம்.பி.1 பொதுவாக வெளிப்படாது.

பாராஃபின் பாண்டியன்:
நார் விஷயம் சரிதான் சித்ரா, விட்டுவிட்டேன்.

கணு பிளாக்குகளில் சிக்னல் திட்டுத்திட்டாக வந்தால் மெழுகு சரியாக ஏறியதா என்று பாருங்கள்; திசுவில் நீர் மிஞ்சினால் ஏறாது. மும்பை மழைக்காலத்தில் திறந்துவைத்த அப்சொல்யூட் ஆல்கஹால் ஈரத்தைக் குடித்துவிடும். அடுத்த ஜாடி சைலீன் பால்போலக் கலங்கினால் இரண்டையும் மாற்றுங்கள். புரதத்தைக் கரைத்து ப்ரோப்புக்கு வழிவிடும் புரோட்டினேஸ் கே நேரத்தைப் பிளாக் வந்த இடத்துக்கேற்ப 5, 10, 20 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். குறைந்தால் ப்ரோப் உள்ளே போகாது, கூடினால் நியூக்ளியஸ் ஓட்டையாகி உருவமே போய்விடும்.

மாட்டுங்கா மைக்ரோடோம்:
பாலி-டி போட்டாயிற்று. மூன்று மஜ்ஜையும் வெறுமை. இரண்டு பேருக்குக் கணு பிளாக் கிடைக்கும். மூன்றாமவருக்கு ஃப்ரீஸரில் பிளாஸ்மா மட்டும் இருக்கிறது, அதில் வைரஸ் டி.என்.ஏ. அளக்கலாமா?

சயான் சித்ரா:
எந்த ட்யூபில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஹெபாரின் என்றால் பி.சி.ஆரை அடக்கிவிடும்; இ.டி.டி.ஏ. என்றால் போடலாம். முடிவை உலக சுகாதார நிறுவனத்தின் 2011 ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு மில்லிக்கு இத்தனை ஐ.யூ. (சர்வதேச அலகு) என்று எழுதுங்கள், காப்பி எண்ணிக்கை லேபுக்கு லேப் மாறும். ஆனால் வைரஸ் எந்த செல்லில் இருக்கிறது என்று பிளாஸ்மா சொல்லாது. அவரை எபர் கணக்கில் சேர்க்காமல் தனி வரியில் போடுங்கள்.