கால் டிராக்கர் கட்டிய பிறகு நடந்தது: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மொட்டைமாடிக்காரன்:

போன சனிக்கிழமை இரவு நடந்தது. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்புக்கு ஒன்று, பாதத்துக்கு இரண்டு என்று மூன்று வைவ் டிராக்கர் 3.0 வைத்திருக்கிறேன், என் இடுப்பும் காலும் அசைவதை விஆரில் (மெய்நிகர் உலகத்தில்) என் உருவமும் அப்படியே செய்யும். கட்டிப் பழகி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

பலரும் உருவம் எடுத்து வந்து பழகும் விஆர்சாட்டில் ஒரு கண்ணாடி முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகவே நீட்டினேன். நீட்டிய கால் பக்கத்தில் இருந்தவர் மேல் பட்டுவிட்டது. என் வீட்டில் என் கால் வெறும் பாயில்தான் இருக்கிறது. ஆனாலும் சுருக்கென்றது. யோசிக்கவே இல்லை, குனிந்து அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையில் கண்ட்ரோலர் இருந்ததுகூட நினைவில்லை, ஹெட்செட்டில் போய் டங்கென்று இடித்தது.

அவர் நரி உருவத்தில் இருந்தார். மைக்கை அணைத்து வைத்திருந்தார். ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் கையை நீட்டி என் தோளைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தமிழா?" என்று கேட்பதற்குள் வேறு உலகத்துக்குப் போய்விட்டார். பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பலபேர் அப்படி வைத்துக்கொள்கிறார்கள். நம்மவரா, இல்லை நான் செய்ததைப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்தாரா?

ஹெட்செட்டும் இரண்டு கண்ட்ரோலரும் மட்டும் வைத்திருந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை மிதித்துக்கொண்டு போயிருப்பேன். அப்போது என் காலை மென்பொருள்தான் ஊகித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூடக் குனியத் தோன்றியதில்லை.

வெள்ளிச்சலங்கை:

எனக்கும் மூன்று டிராக்கர்தான். கல்யாணத்துக்குப் பிறகு பரதம் விட்டுப்போய் எட்டு வருடம் ஆகிறது. என்னோடு கற்ற தோழி இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். இருவரும் விஆரில் ஒரு மேடை உலகத்துக்குப் போனோம். ஆங்கில டி எழுத்து மாதிரி கையை விரித்து நின்று, இரண்டு டிரிகரையும் அழுத்தி, டிராக்கரை உருவத்தோடு பொருத்தும் கேலிப்ரேஷனை முடித்தேன். முழங்காலை வெளியே திருப்பி அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு ஆரம்பித்தேன்.

தோழி சிரித்துவிட்டாள். "ஏண்டி முழங்கால் ரெண்டும் முன்னாடி வருது? டீச்சர் பார்த்தாங்கன்னா தட்டுக்கழியாலயே போடுவாங்க" என்றாள். என் முழங்கால் நன்றாக வெளியே திரும்பித்தான் இருந்தது, தொடை எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் இருந்தவளோ நாற்காலியில் உட்காரப் போகிறவள் மாதிரி நின்றாள். இடுப்பும் பாதமும்தான் மென்பொருளுக்குத் தெரியும், நடுவில் இருக்கும் முழங்கால் அதன் ஊகம் என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அழுகை வந்துவிட்டது. எட்டு வருடம் கழித்துச் சரியாக உட்கார்ந்திருந்தேன், அதை அவள் பார்க்கவில்லை.

ஈயம்பற்றவைப்பவன்:

முதலில் மொட்டைமாடி சகோவுக்கு. நாலு நாளில் கால் பட்டது சுருக்கென்றது என்பது எனக்கு நம்பும்படி இல்லை. பல மாதம் விஆரிலேயே கிடப்பவர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களுக்குக் கூச்சம் வந்திருக்கும், தொடு உணர்வு வந்திருக்காது. இரண்டும் வேறு.

வெள்ளிச்சலங்கைக்கு: மூன்று டிராக்கரோடு அரைமண்டி வரவே வராது, அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. முழங்காலுக்குத் தனியாக இரண்டு வேண்டும். விஆர்சாட் இடுப்பு, மார்பு, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதம் என்று எட்டு டிராக்கர் வரை எடுத்துக்கொள்ளும். செலவுக்கு யோசித்தால் ஸ்லைம்விஆர் என்ற டிராக்கர் பக்கம் வாருங்கள். அதில் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தனித்தனியாகக் கட்டுவதால் முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஊகமாக இருக்காது. வைவ் டிராக்கருக்குச் சுவரில் மாட்டும் பேஸ் ஸ்டேஷனும் இதற்கு வேண்டாம். நிரல், சர்க்யூட் எல்லாம் திறந்த மூலம்தான். வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி8266 போர்டு, திரும்புவதை அளக்கும் ஒரு சென்சார், சின்ன லிபோ பேட்டரி, சார்ஜிங் போர்டு, இவ்வளவுதான், வீட்டிலேயே செய்யலாம். சென்சாரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நான் முதலில் எம்பியு6050 என்ற மலிவு சென்சாரை வாங்கிப் பற்றவைத்தேன். பத்தே நிமிடத்தில் திசை விலகிவிடும். இந்த வகை டிராக்கருக்குத் தான் அறையில் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது, எவ்வளவு திரும்பினோம் என்பதைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தக் கூட்டலில் வரும் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே இருக்கும். பிஎன்ஓ085 என்ற சென்சாரைப் போட்டதும் விலகல் நன்றாகக் குறைந்தது. அப்படியும் அவ்வப்போது நேராக நின்று ரீசெட் செய்யத்தான் வேண்டும். மார்பில் இருப்பதை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். காந்த உணரியை நம்பி இரும்புக் கட்டில், பீரோ பக்கத்தில் நிற்காதீர்கள், திசை குழம்பிவிடும்.

பேஸ் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அது அகச்சிவப்பு லேசரை அறை முழுக்க வீசுகிறது, டிராக்கர் மேல் அது எந்த நொடியில் படுகிறது என்பதை வைத்துத்தான் இடம் கணக்காகிறது. அதனால் பீரோக் கண்ணாடியைப் போர்வையால் மூடுங்கள், இல்லாவிட்டால் எதிரொளியில் கால் துள்ளும். தலைக்கு மேல் உயரத்தில், அசையாத சுவரில் திருகுங்கள். டிராக்கரின் சிக்னலைக் கணினிக்கு வாங்கும் டாங்கிளை யுஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

என் சம்பவம் சின்னது. அந்த எம்பியு6050 காலத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது என் இரண்டு காலும் பின்னிக்கொண்டன. பக்கத்தில் ஒரு குழந்தைக் குரல், "அங்கிள், உங்களுக்குக் கால் வலிக்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. வலிக்கவில்லை என்று சொன்ன பிறகும் நான் போகும் வரைக்கும் என் பக்கத்திலேயே நின்றது.

மேற்குத்தெரு:

சின்ன வயதில் வலது கால் உடைந்து கூடியதில் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். நடந்தால் தெரியும். விஆருக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அங்கே எல்லோரும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் ஆசைப்பட்டு இடுப்புக்கும் காலுக்கும் சேர்த்து ஃபுல் பாடி டிராக்கர் வாங்கினேன்.

கல்லூரி நண்பன் ஒருவனோடு சண்டையாகி இரண்டு வருடம் பேச்சில்லை. நான் புதுக் கணக்கு, புதுப் பெயர், ரோபோ உருவம். ஒரு பொது உலகத்தில் நடந்துகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை. பின்னாலிருந்து அவன் குரல்: "டேய், பஸ்ஸ விட்டு இறங்கி காலேஜ் கேட் வரைக்கும் நடப்பியே, அது நீதான?"

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். பயமா, வெட்கமா, என்னவென்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஈயம்பற்றவைப்பவன்:

மேற்குத்தெரு சகோ, பொது உலகத்தில் பாத டிராக்கரை அணைத்துவிட்டால் நடை தெரியாது. இல்லையென்றால் கேலிப்ரேஷன் செய்யும்போது வலது பாதத்தை நேராக்காமல் வழக்கம்போல் வெளியே திரும்பியபடியே வைத்து டிரிகரை அழுத்துங்கள், நேராகவே காட்டும்.

மேற்குத்தெரு:

அண்ணா, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. என் நடை இரண்டு வருடம் கழித்தும் ஒருத்தனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நேராக்க எனக்கு விருப்பமில்லை.

மொட்டைமாடி சகோ, உங்கள் சுருக்கை நான் நம்புகிறேன். அது தோலில் வந்ததா வேறெங்கே வந்ததா என்பதா முக்கியம்? குனிந்தீர்களே.

தாமிரபரணி:

நான் கினெக்ட் காலத்து ஆள். 2010-இல் வந்த முதல் கினெக்ட்டைப் பழைய சாமான் கடையில் எடுத்து, கணினியில் மாட்டிக் கால் அசைவுக்கு வைத்திருந்தேன். அதற்கு உடம்பில் எதையும் கட்ட வேண்டாம், எதிரில் நிற்கிற உருவத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒருநாள் ஆச்சி துணி மடித்து வைக்க அறைக்குள் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கண்ணாடியில் என் இடுப்பும் காலும் திடீரென்று பக்கவாட்டில் இழுபட்டு, கொடிக்கும் பீரோவுக்குமாகக் குட்டிக் குட்டி எட்டு வைத்து நடந்தன. கேமரா என்னை விட்டுவிட்டு ஆச்சியைப் பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே ஹெட்செட்டைத் தூக்கினால், ஆச்சி தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த ஆடியில் ஆச்சி போய்விட்டார். நான் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை.

வெள்ளிச்சலங்கை:

ஈயம் அண்ணா, என் கணவரோடு உட்கார்ந்து நீங்கள் சொன்ன மாதிரியே தொடைக்கு இரண்டு, கெண்டைக்காலுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று ஐந்து செய்துவிட்டோம். பிஎன்ஓ085தான் போட்டோம். நேற்று அரைமண்டியில் முழங்கால் வெளியே போனது, நானே பார்த்தேன். ஆனால் உட்கார்ந்து நாலு தட்டு தட்டினால் தொடையில் கட்டிய வெல்க்ரோ மேலே ஏறிச் சுற்றிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோழி வருகிறாள். அதற்குள் என்ன செய்யலாம்?

ஈயம்பற்றவைப்பவன்:

உள்பக்கம் சிலிகோன் கோடு போட்ட எலாஸ்டிக் கிடைக்கும், தையல் சாமான் கடையில் கேளுங்கள். அகலமாக வாங்குங்கள். நின்றுகொண்டு கட்டாதீர்கள், அரைமண்டியில் உட்கார்ந்த நிலையில் கட்டுங்கள்.