90 நிமிட ‘ஆண்டிகனி’யை 50 நிமிட விழா மேடைக்கு எப்படிக் கொண்டு செல்வது?

கேள்வி (கல்லூரி நாடகக் குழுவின் மாணவி இயக்குநர்)

வணக்கம். மன்னன் கிரியோனின் தடையை மீறித் தன் சகோதரனின் உடலைப் புதைக்கும் பெண்ணின் கதையான, பழங்கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆண்டிகனி’யை எங்கள் குழு தமிழில் கல்லூரி அரங்கில் மேடையேற்றியது. 120 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கூடம் அது. அரண்மனையைக் குறிக்கும் ஏழு படிகள், 15 பேர் கொண்ட கோரஸ் (நாடகத்தினூடே பாடியும் பேசியும் வரும் குழு), அறுபதுக்கும் மேற்பட்ட ஒளி மாற்றங்கள் என்று ஒரு பருவம் முழுவதும் உழைத்து அமைத்த அந்த நாடகம் இப்போது மண்டல அளவிலான கல்லூரி நாடக விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறது. விழாவின் விதிகளின்படி நாடகம் 50 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையை அமைக்க 15 நிமிடமும் களைய 10 நிமிடமும்தான் கிடைக்கும். ஒளிக்கு விழாக் குழுவின் பொது விளக்குகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அரங்கமோ எங்கள் கூடத்தைப் போல ஐந்து மடங்கு பெரியது.

முதலில் வசனங்களை விரைவாகப் பேசிப் பார்த்தோம். 78 நிமிடத்துக்கு வந்தது, ஆனால் கிரியோனும் அவன் மகன் ஹீமோனும் மோதும் காட்சி பட்டிமன்றம் போல ஒலித்ததால் அந்த வழியைக் கைவிட்டோம். பிறகு காவலனின் இரண்டு காட்சிகள், குருட்டு முனிவர் டைரீசியாஸ், கோரஸின் எல்லாப் பாடல்கள் ஆகியவற்றை நீக்கி ஒரு பிரதியைத் தயாரித்தேன். அதை வாசித்த அன்று, காவலனாக நடித்த முதலாமாண்டு மாணவன் எதுவும் பேசாமல் தன் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் செய்தது சரியா என்று அப்போதிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. எதை வெட்ட வேண்டும், மேடை மாறும்போது எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (கல்லூரி நாடகங்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்)

விரைவாகப் பேசும் வழியைக் கைவிட்டது சரி. நீங்கள் தயாரித்த பிரதிதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் நீக்கியவற்றில் இரண்டு, நாடகத்தைத் தாங்கும் தூண்கள்.

டைரீசியாஸை எடுத்துவிட்டால், கடைசி வரை இறங்கி வராத கிரியோன் ஏன் திடீரென மனம் மாறுகிறான் என்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. பலி நெருப்பு பற்றாமல் போனதையும் பறவைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டதையும் முனிவர் சொல்லும்போதுதான் மன்னனின் உறுதியில் முதல் விரிசல் விழுகிறது. அந்தக் காட்சியை மூன்று நிமிடமாகக் குறைக்கலாம், ஆனால் அடியோடு நீக்க முடியாது. காவலனும் அப்படித்தான். செய்தி சொல்லப் போவதா வேண்டாமா என்று வழியெல்லாம் நின்று நின்று வந்ததையும், யார் போவது என்று காவலர்கள் சீட்டுப் போட்டதில் தன் பெயர் விழுந்ததையும் அவன் உளறிக் கொட்டும்போது பார்வையாளர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் வழியாகத்தான் கிரியோனின் ஊரில் சாதாரண மனிதர்கள் எவ்வளவு அஞ்சி வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புலப்படும். மன்னனின் அதிகாரத்தைப் பற்றி நீங்கள் பத்து வசனங்களில் சொல்லக்கூடியதை அவன் நடுங்கும் கைகள் சொல்லிவிடும். அந்தத் தம்பியிடம் பிரதியை மீண்டும் விரிக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் எங்கே வெட்டுவது? கோரஸ் பாடல்களை ஒட்டுமொத்தமாக நீக்காமல் ஒவ்வொன்றாக எடைபோடுங்கள். ஆண்டிகனி குகைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின் வரும் நான்காவது பாடல் டானாயி, லைகர்கஸ் முதலிய கிரேக்கப் புராணப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பெயர்களை அறியாத அவைக்கு அது வெறும் ஒலியாகவே நிற்கும் என்பதால் முழுவதும் எடுத்துவிடலாம். மனிதனின் ஆற்றலை வியக்கும் முதல் பாடலில் ஆறு வரிகளாவது இருக்கட்டும். கிரியோன் தவறைத் திருத்த ஓடியபின் கோரஸ் டயோனிசஸ் தெய்வத்தை அழைத்துப் பாடும் ஐந்தாவது பாடலிலும் நான்கு வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்த நான்கு வரிகளில் எழும்பினால்தான் அடுத்த கணம் தூதன் கொண்டுவரும் செய்தி நெஞ்சில் இறங்கும். கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் இப்படிச் சட்டத்தை மீறியிருக்க மாட்டேன் என்று ஆண்டிகனி வாதிடும் பகுதியையும் தயங்காமல் எடுக்கலாம். அது இடைச்செருகல் என்று அறிஞர் யாராவது நிறுவிவிட மாட்டார்களா என்று ஜெர்மன் கவிஞர் கோதேயே 1827இல் ஏங்கியிருக்கிறார். கிரியோனின் மனைவி யூரிடிசி வருவது கடைசிக் கட்டத்தில் மட்டும் என்பதால் அவளையும் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

15 பேர் கோரஸும் உங்களுக்குத் தேவையில்லை. கிரேக்க மேடையில் கோரஸ் பெரிதாக இருந்தாலும், பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் முகமூடி மாற்றி மாற்றி மூன்று நடிகர்களே ஏற்றார்கள். மொழிபெயர்ப்பாளரிடமும், இறுதிப் பிரதியைக் காட்டி, எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மூல நாடகத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை என்பதால் பலர் மொழிபெயர்ப்புக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மறுமொழி (மேடை நிர்வாகி)

பிரதியைப் பற்றி ஆசிரியர் சொல்லிவிட்டார். நான் அந்த 15 நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏழு படிகளையும் கொண்டுவர வேண்டாம். அவற்றைத் தூக்கி நிறுத்தி ஆட்டம் காணாமல் பொருத்துவதற்குள் உங்கள் நேரம் கரைந்துவிடும், நடிகர்கள் புதிய மேடையில் ஒருமுறை நின்று பேசிப் பார்க்கவும் வழியிருக்காது. படிகள் எதற்காக இருந்தன? கிரியோன் மேலே நிற்பதற்காகத்தான். இரண்டு வலுவான மரப்பெட்டிகள் அந்த வேலையைச் செய்யும். தென்னாப்பிரிக்க நாடகக் கலைஞர்களான ஃபுகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் ன்ட்ஷோனாவும் 1973இல் உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ நாடகத்தில் சிறைக் கைதிகள் இருவர் இதே ஆண்டிகனியின் விசாரணையைக் கயிற்றாலான பொய்முடியையும் ஆணிகளைக் கோத்த மாலையையும் கொண்டு நடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்த எவரும் அரண்மனை எங்கே என்று கேட்டதில்லை.

விழா மேடையின் அகல நீளத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதே அளவை ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். எங்கள் குழு ஒருமுறை இதைச் செய்யாமல் போனது. எட்டு அடியில் மேடையைக் கடந்து பழகிய நடிகை அங்கே பதினான்கு அடி வைக்க வேண்டியிருந்தது. வசனம் முடிந்தபின்னும் நடந்துகொண்டே இருந்தாள், பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற நான் அந்த ஆறு அடிகளையும் எண்ணிக்கொண்டு நின்றேன். அமைப்பதையும் களைவதையும் தனியாக ஒத்திகை பாருங்கள்: யார் எந்தப் பெட்டியைத் தூக்குகிறார், எந்தப் பக்கமாக வெளியேறுகிறார் என்பது வரை ஸ்டாப்வாட்ச் வைத்து ஐந்து முறையாவது.

ஒளி மாற்றங்கள் குறைவதற்காக வருந்த வேண்டாம். ஆண்டிகனி திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்ட நாடகம். விளக்குகள் எத்தனை என்பதை விட நிழல் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடையை அளந்து சொல்லும் இடத்திலேயே, தூணின் நிழல் அரங்குக்குள் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கிடைக்கும் 15 நிமிடத்தில் ஒருவரைக் கிரியோனின் பெட்டி மீது ஏற்றி, அவர் நிழல் ஆண்டிகனியின் முகத்தில் விழுகிறதா என்று மட்டும் அவசியம் பாருங்கள்.

மறுமொழி (கல்லூரி நாடகப் போட்டிகளில் நடுவராக இருந்தவர்)

ஆசிரியர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். யூரிடிசியை நீக்காதீர்கள். மகன் இறந்த செய்தியைக் கேட்டபின் அவள் ஒரு சொல்லும் பேசாமல் அரண்மனைக்குள் போய்விடுகிறாள். இவ்வளவு மௌனம் அச்சமூட்டுகிறது என்று கோரஸ்தலைவர் சொல்கிறார். வாதமும் எதிர்வாதமுமாகச் செல்லும் இந்த நாடகத்தில் ஒருத்தி பேச மறுத்துவிட்டுப் போவதை விட வலிமையான கணம் எனக்குத் தெரியவில்லை, அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்தான். அவள் இல்லையென்றால் கடைசியில் கிரியோன் இழப்பது மகனை மட்டும் என்றாகிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, 50 நிமிடம் என்றால் 47க்குத் தயாரியுங்கள். பெரிய அரங்கில் சிரிப்பும் கைத்தட்டலும் அடங்க அதிக நேரம் பிடிக்கும், அவற்றின் மேல் வசனத்தைப் பேசினால் அடுத்த வரி வீணாகும். குரலில் நீங்கள் தனியாகக் கவனம் செலுத்த வேண்டும். 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கையே நாட்டிய சாஸ்திரம் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதைவிடப் பெரிதானால் நடிகரின் சொல்லும் முகபாவமும் பார்வையாளரைச் சென்றடையாமல் சிதறிவிடும் என்பதுதான். இதற்குத் தீர்வு கத்துவது அன்று. மாணவர்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் வினைமுற்று அங்கேதான் இருக்கிறது என்பதால், யார் என்ன செய்தார் என்பதே கடைசி வரிசைக்குக் கேட்காமல் போகிறது. ‘புதைத்தேன்’ என்பதற்கும் ‘புதைக்கவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்லின் இறுதியில் இருக்கிறது, உங்கள் நாடகமோ அந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வினை கேட்காத போதெல்லாம் கையை உயர்த்தச் சொல்லுங்கள்.

பரிசைப் பற்றி ஒரு சொல். நாடகப் போட்டி பண்டைய ஏதென்ஸின் டயோனிசியா விழாவிலேயே இருந்தது. ‘மன்னன் ஈடிபஸ்’ இடம்பெற்ற ஆண்டில் சோஃபக்ளீஸுக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1969இல் தொடங்கி எட்டு மண்டலங்களாக வளர்ந்த கென்னடி மையக் கல்லூரி நாடக விழாவில், வந்திருக்கும் கலைஞர்கள் நாடகத்தைப் பார்த்தபின் குழுவோடு உட்கார்ந்து உரையாடுவது ஒரு வழக்கமாக வளர்ந்தது. உங்கள் விழாவில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டாலும் நடுவர்களைச் சந்திக்க அனுமதி கேளுங்கள். “எங்கே உங்கள் கவனம் சிதறியது?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் என் நன்றி. நேற்று புதிய பிரதியை முதன்முறையாக முழுவதும் ஓட்டிப் பார்த்தோம்: 51 நிமிடம். காவலனின் முதல் காட்சி ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது காட்சியில் அவன் ஆண்டிகனியைப் பிடித்த விதத்தைச் சொல்லும் பகுதி மட்டும் குறைந்திருக்கிறது. கோரஸ் ஐந்து பேராகிவிட்டது. மற்ற பத்துப் பேரில் நான்கு பேர் அமைப்பதையும் களைவதையும் பொறுப்பேற்றிருக்கிறார்கள், மீதி ஆறு பேரிடம் நானே தனித்தனியாகப் பேசினேன். அவர்களில் இருவர் இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள்.

கடைசி வரிசையில் அமர்ந்து கை உயர்த்தும் முறையையும் செய்து பார்த்தோம். முதல் பத்து நிமிடத்தில் 23 முறை கை உயர்ந்தது, அவற்றில் ஒன்பது ஆண்டிகனியுடையவை. யூரிடிசியாக நடிப்பவளிடம் நடந்து போ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் தூதனின் செய்தியைக் கேட்டுவிட்டு, தன் முந்தானையை ஒருமுறை சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல் உள்ளே போனாள். இன்னும் நான்கு நிமிடம் குறைக்க வேண்டும். அதை ஹீமோன் காட்சியிலிருந்தும் தூதனின் நீண்ட உரையிலிருந்தும் எடுக்கப் போகிறோம், அவள் நடைக்கான நேரத்தைத் தொடப் போவதில்லை.