தவழும் குழந்தை உள்ள வீட்டுத் தூசியில் பூச்சிமருந்தும் பழைய பெயின்டும்

கேள்வி (மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

வணக்கம். எங்களுடையது திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று பழைய முறையில் கட்டிய ஓட்டு வீடு. பத்து மாத மகள் கூடம் முழுவதும் தவழ்கிறாள்; கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள். என் மாமனார் சம்பா வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்ததும் ஸ்பிரேயரை ரேழியில்தான் வைக்கிறார். மிச்ச மருந்து பாட்டில்களும் அங்கே பரணில் இருக்கின்றன. பொங்கலுக்குள் கதவு, சன்னல்களின் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கவும் பேச்சு நடக்கிறது. இவையெல்லாம் தூசியோடு சேர்ந்து குழந்தையின் உடம்புக்குள் போகுமா, போகுமென்றால் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (வேதியியல் ஆசிரியர், மயிலாடுதுறை)

போகும், சகோதரி. வயலில் விழும் மருந்தை வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சிதைத்துவிடுகின்றன. கூரைக்குக் கீழே இந்த மூன்றும் குறைவு என்பதால் சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் வெளியில் நிற்பதைவிட வீட்டுக்குள் நெடுநாள் நிற்கும். தூசியில் ஒட்டிக்கொண்டு தரையிலும் பாயிலும் தலையணையிலும் தங்கும். ரெக்சின், பிளாஸ்டிக் விரிப்புகளிலிருந்து கசியும் தாலேட்டுகளும் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள்) அதே தூசியில்தான் சேர்கின்றன. குழந்தையின் ஈரமான கையில் ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும் மணல் அல்ல, மிக நுண்ணிய துகள். அதில்தான் இந்த வேதிப்பொருள்கள் செறிந்திருக்கும். தவழும் வயதுக் குழந்தை மண்ணும் தூசியுமாக நாளொன்றுக்குச் சில பத்து மில்லிகிராம் விழுங்குகிறது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. பத்து கிலோகூட எட்டாத உடம்புக்கு அது சிறிய அளவு அல்ல.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது நீங்கள் கடைசியாகச் சொன்ன பெயின்ட் வேலைதான். வீட்டு பெயின்டில் காரீயம் (lead) 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், காரீயக் குரோமேட் என்ற நிறமி இருக்க வாய்ப்பு மிகுதி. மருந்தாவது மெல்ல மெல்லச் சிதையும். காரீயம் ஒரு தனிமம் என்பதால் எத்தனை காலமானாலும் சிதையாது. பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் அதை நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். போய்ச் சேருவது வளரும் மூளைக்கு.

ஆகவே, பெயின்ட் உதிராமல் இருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். சுரண்டியே தீர வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். உப்புத்தாளை உலர்வாகத் தேய்ப்பதும், நெருப்புக் காட்டிப் பொசுக்கி எடுப்பதும் கூடவே கூடாது. வேலை முடிந்து வீட்டை ஈரத்துணியால் துடைத்து எடுக்கும் வரை குழந்தை உங்கள் தாய்வீட்டில் இருக்கட்டும்.

பதில் 2 (விவசாயி, ஒரத்தநாடு)

ஆசிரியர் பெயின்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் துண்டைப் பற்றிச் சொல்கிறேன். இலைச்சுருட்டுப் புழுவுக்கோ புகையானுக்கோ மருந்தடிக்கும்போது தலையில் கட்டியிருக்கும் துண்டு முழுக்க மருந்து நனைந்திருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, அதே தோளில் பேத்தியைத் தூக்கிச் சாய்த்துக்கொள்வது எங்கள் ஊரிலும் நடக்கிறது. பம்புசெட்டிலேயே குளித்து மாற்றுத்துணி கட்டிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும் என்று உங்கள் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பேத்திக்காக என்றால் எந்தத் தாத்தாவும் கேட்பார். மருந்துத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே அலச வேண்டும். ஸ்பிரேயரும் பாட்டில்களும் கொல்லைப்புறக் கொட்டகையில் பூட்டுக்குள் இருக்கட்டும். கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்வதைக் கூடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தூள் தரை வெடிப்பில் இறங்கிவிட்டால் வாரி எடுப்பது கடினம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஸ்பிரேயரை இன்றே கொட்டகைக்கு மாற்ற மாமனார் சம்மதித்துவிட்டார். தினமும் இரண்டு வேளை பெருக்குகிறேனே, அது போதாதா? கொசுவர்த்தியும் ஏற்றுகிறோம்.

பதில் 3 (செவிலியர், திருவாரூர்)

அம்மா, உலர்ந்த தென்னந்துடைப்பம் பெரிய குப்பையைத் தள்ளும். நுண்தூசியைக் கிளப்பிவிட்டு, நீங்கள் நகர்ந்த பிறகு மறுபடி தரையிலேயே படிய வைக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டு, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி ஈரத்துணியால் துடையுங்கள். சன்னல் விளிம்பையும் கதவடியையும் விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்பும் தூங்கும் முன்பும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டுங்கள். வர்த்தியிலுள்ள பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லியும் அதன் புகைக்கரியும் அதே கூடத்தில்தான் படிகின்றன.

இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் உடம்பு காரீயத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய பெயின்ட் ஏற்கனவே உதிர்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளல்ல. ஈரத்துணியையும் கைகழுவலையும் அப்போதும் தொடருங்கள்.