“கருப்பனுக்கா இந்தக் கோடாலி?”

கேமில் வரும் ஆயுதங்களைப் போலவே மாதிரி செய்த கதைகளில், எல்லோரும் ஃபோம் ஷீட்டிலும் த்ரீடி பிரிண்டரிலும் செய்ததைச் சொல்லிவிட்டீர்கள். நான் மரத்தில் செய்து பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அக்கா மகன் கல்லூரி முதல் வருடம். 2018-இல் வந்த காட் ஆஃப் வார் வீடியோ கேமில் நாயகன் கிரேட்டோஸ் வைத்திருக்கும் லெவியத்தான் கோடாலி வேண்டும் என்று உயிரை எடுத்தான். வீசினால் உறைபனியோடு போய்ப் பதியும், பொத்தானை அழுத்தினால் கைக்கே திரும்பி வரும். கதைப்படி ப்ரோக், சிண்ட்ரி என்ற குள்ளச் சகோதரர்கள் அடித்தது. கிரேட்டோஸின் மனைவி ஃபேயிடம் இருந்தது, அப்புறம் அவனிடம் வந்தது.

அளவுக்கு என்ன செய்வது? ஸ்கிரீன்ஷாட்டில் காம்பைப் பிடித்திருக்கும் கிரேட்டோஸின் முஷ்டியையே அளவுகோலாக வைத்து, காம்பு எத்தனை முஷ்டி நீளம் என்று எண்ணி என் முஷ்டியால் பெருக்கினேன். இரண்டே முக்கால் அடி வந்தது. சரி, போதும்.

மரம் காசு கொடுத்து வாங்கவில்லை. பழைய வீட்டை இடித்தபோது ஒதுக்கி வைத்த ஒன்றரை இஞ்ச் கனமுள்ள வேப்பம்பலகை பரணில் கிடந்தது. வேம்பில் கை வைக்கும் புதியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதன் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறி ஓடும். இழைப்புளி ஓரிடத்தில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், இரண்டு விரற்கடை தள்ளிப் போனால் சிலாம்பு சிலாம்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். தூளோ வாயெல்லாம் கசப்பு. அன்றைக்குக் குடித்த டீ கஷாயமாக இறங்கியது.

லெவியத்தானின் அழகே அந்தத் தாடிதான், அதாவது அலகின் அடிமூலை கொக்கி மாதிரி கீழே நீண்டிருக்கும் பகுதி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து முடித்தேன். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது. தாடி முறுக்கு உடைகிற மாதிரி ‘டக்’கென்று போய்விட்டது.

உடைந்ததைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மதுரைப் பக்கம் அப்பன்திருப்பதியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். உடைந்த முகத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது இரும்புல போட்ட படம் தம்பி. இரும்ப எந்தப் பக்கம் வேணாலும் இழுக்கலாம். நீ நாரைக் குறுக்கால விட்டுட்டு, கீழ தொங்க விட்டா நிக்குமா?”

நான் பலகையை நார் கிடையாக வரும்படி அறுத்திருந்தேன். தாடி செங்குத்தாக இறங்குவதால் அந்த இடத்தில் நார் அத்தனையும் துண்டு துண்டாகிவிட்டது. அவர் தாடியைத் தனித்துண்டாக, நார் மேலும் கீழும் ஓடும்படி அறுத்தார். வெறும் பசையை நம்பவில்லை. நாரின் வெட்டுமுகம் ஃபெவிகாலைக் குடித்துவிடுமாம். இஞ்சுக்கு எட்டு நூல் கணக்கில் பலகையின் கனம் பன்னிரண்டு நூல். அதில் நடு நாலு நூலுக்குக் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் நாக்கு, எடுத்து, அலகில் துளை போட்டு இறக்கினார். ராத்திரி முழுக்க கிளாம்பில் கிடந்தது.

மறுநாள் அலகில் ரூன் எழுத்துகளை, அதாவது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகளை, வெட்ட உளி எடுத்தவர், நான் காட்டிய படத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். “என்ன தம்பி, படுக்கைக் கோடே காணோம்? எல்லாம் நிமிர்ந்து நிக்குது, இல்லாட்டி சாஞ்சு நிக்குது. இத மரத்துல வெட்டுறவன்தான் யோசிச்சிருப்பான்.” படுக்கைக் கோடு போட்டால் நாரோடு நாராக மறைந்து போகும். ரூன் எழுத்துகளுக்கு அறிஞர்கள் சொல்லும் விளக்கமும் இதேதான். பட்டறை வாசலில் நின்றால் அழகர்மலை தெரியும். அங்கே குகையில் கல்லில் வெட்டிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘க’ என்றால் வெறும் கூட்டல் குறி. கல்லுக்கு நார் கிடையாது.

திரும்பும்போது அழகர்கோவிலிலிருந்து வரும் டவுன் பஸ். பக்கத்தில் நெற்றி நிறைய திருநீறோடு ஒரு பாட்டி. பையை மீறி நீட்டிக்கொண்டிருந்த அலகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“கருப்பனுக்கா இந்தக் கோடாலி?”

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அரிவாள் நேர்ந்து வைப்பது ஊரறிந்தது. இல்லை பாட்டி, கேம் என்றேன். காதில் விழவில்லை போல.

“அருவாதான குடுப்பாக. அதான் வேணாம்னு திருப்பி விட்டாரு.”

பின்னால் இருந்த கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார்.

பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம். முதலில் சில்வர் பெயிண்ட் அடித்தேன். வள்ளி திருமண நாடகத்து வேல் மாதிரி பளபளத்தது. சுரண்டிவிட்டு மேட் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் பென்சில் முனையைப் பொடித்து விரலால் தேய்த்தேன். அடித்த இரும்பின் அந்த மங்கல் மினுக்கம் அப்படியே வந்தது. மேலே வார்னிஷ் பூசினால் மினுக்கம் குறையும், அதனால் லேசாக ஒரே கை.

கொடுத்த அன்றைக்கே மருமகன் மொட்டை மாடிக்குப் போய் வீசியிருக்கிறான். வீசிவிட்டுக் கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கோடாலி அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது, அடுத்த வீட்டு அத்தை கையில். காம்பில் அடித்த ஆப்பு தளர்ந்திருந்தது. தாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.