ஃபயர்வாலை அழித்துப் பார்ப்பது சோதனையா?

வைகறை: எங்கள் லினக்ஸ் ரூட்டரில் இரண்டு இணைய இணைப்புகள். இயல்பு வழி, அதாவது தனி வழி குறிக்கப்படாத தரவு போகும் பாதை, முதல் இணைப்பில். அதன் முகவரிக்கு வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) கிடைக்கிறது, இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. இரண்டிலும் அதற்கான 22ஆம் போர்ட் ஃபயர்வாலில் திறந்தே இருக்கிறது.

நெடுவழி: லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் விதிகளை ஒருமுறை அழித்துவிட்டுப் பாருங்கள். இணைப்பு கிடைத்தால் கோளாறு ஃபயர்வாலில், கிடைக்காவிட்டால் ரூட்டிங்கில். இரண்டு நிமிட வேலை.

கயல்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விதிகள் அழிந்தாலும் சங்கிலியின் (விதிகளின் வரிசை) இயல்புக் கொள்கை, அதாவது எந்த விதியும் பொருந்தாதபோது செய்வது, அழியாது. அது 'டிராப்' (எறிந்துவிடு) என்றிருந்தால் நீங்களே வெளியே நிற்பீர்கள். நான் அப்படி நின்றிருக்கிறேன். நள்ளிரவில் சர்வர் அறைக்குப் போய்த் திரையைப் பொருத்தித்தான் மீட்டேன்.

நெடுவழி: கொள்கையை முதலில் 'அக்செப்ட்' (அனுமதி) ஆக்கிவிட்டு அழிக்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே, கயல்? இருபது விதிகளை வரிவரியாகப் படிப்பதைவிட இது தெளிவான விடை தரும்.

கயல்: தராது. 'ரூட்டிங்' என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். எந்த இடத்தில் என்று தெரியாது. அதுவரை அலுவலகமே திறந்து கிடக்கும். வைகறை, இரண்டாவது இணைப்பின் இடைமுகத்தில் (நெட்வொர்க் கார்டில்) டிசிபிடம்ப்பை ஓடவிடுங்கள்; வந்து போகும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) அது காட்டும். பொதி வருவது தெரிந்தும் இன்புட் சங்கிலியில் (ரூட்டருக்கே வரும் பொதிகளுக்கான விதிகள்) 22ஆம் போர்ட் விதியின் பொதி எண்ணிக்கை ஏறவில்லை என்றால், ஆர்பி ஃபில்டரை, அதாவது பொதி சரியான வழியில்தான் வந்ததா என்று பார்க்கும் அமைப்பைப் பாருங்கள். அதன் மதிப்பு 1 என்றால், பதில் திரும்பிப் போகும் வழி வேறு இடைமுகமாக இருக்கும்போது கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பொதியைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். 2 என்று மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் 0 போட்டுப் பயனில்லாமல் போகலாம்: 'ஆல்' (எல்லா இடைமுகங்களுக்கும் பொதுவான) மதிப்பு, இடைமுகத்தின் மதிப்பு இரண்டில் பெரியதே செல்லும்.

வைகறை: சொன்னபடியே இருந்தது. பொதி வந்தது, எண்ணிக்கை பூஜ்யம், மதிப்பு 1. இப்போது 2 ஆக்கியதும் எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் பதில் முதல் இணைப்பு வழியாகப் போகிறது!

கயல்: இரண்டாவது முகவரியிலிருந்து கிளம்பும் பொதிகளுக்குத் தனி ரூட்டிங் அட்டவணை வையுங்கள். அதில் இயல்பு வழி இரண்டாவது இணைப்பின் கேட்வே (வெளியே போகும் வாசல்). 'ஐபி ரூல்' கட்டளையில் அந்த முகவரியைச் சொல்லி அட்டவணையோடு இணைத்துவிடுங்கள்.

வைகறை: உள்ளே வந்துவிட்டேன். மிக்க நன்றி.

நெடுவழி: இதில் கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது, என் வழியில் அது தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரையும் விசைப்பலகையும் பக்கத்தில் இருக்கும் சோதனைக் கணினியில் நான் விதிகளை அழித்துத்தான் பார்ப்பேன்.

கயல்: அங்கே தாராளமாக. ஆனால் அழிக்கும் முன் ஐபிடேபிள்ஸ்-சேவ் கொண்டு விதிகளைக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.