ரஸ் ரோஸ் 2014-லேயே விலகியிருக்க வேண்டுமா?

எல்லைக்கோடு:
அமெரிக்கக் கல்லூரி வாலிபால் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. பென் ஸ்டேட் (பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம்) பெண்கள் அணிக்கு ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை, 43 சீசன், தலைமை கோச். ஏழு தேசிய சாம்பியன் பட்டங்கள், 1,330 வெற்றிகள். 2007-க்கும் 2010-க்கும் நடுவில் தொடர்ந்து 109 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. அவர் பெருமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் ஏழாவது பட்டம் 2014-ல் வந்தது. அப்புறம் ஏழு சீசன் வெறும் கை. 2017-ல் மட்டும் அரையிறுதி வரை போனார்கள். அவரிடமே ஆடி 1999-ல் சாம்பியன் பட்டம் வாங்கிய கேட்டி ஷூமேக்கர்-காலி 2022-ல் பொறுப்பேற்றார். மூன்றாவது சீசனில் பட்டம் வந்துவிட்டது. 2014 கோப்பையோடு ரோஸ் இடம் விட்டிருந்தால் அந்த ஏழு வருஷம் வீணாகியிருக்காது என்பது என் வாதம்.

பழைய லிபரோ:
தம்பி, 2014-ல் கேட்டி எங்கே இருந்தார் என்று பார்த்தீர்களா? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் தலைமை கோச். ரோஸுக்குத் துணையாக வந்தது 2018-ல்தான். நீங்கள் வீண் என்று சொல்லும் வருஷங்களில் நான்கு, அவர் அந்தப் பெஞ்சில் பழகிய வருஷங்கள். ரோஸ் ஆட்டம் முழுக்கத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, யார் எடுத்த சர்வ் எங்கே போனது, யார் அடித்தது அவுட் என்று கையாலேயே குறித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்து பார்த்தால் மட்டுமே வரும் பாடம் அது. 2014-ல் அவர் போயிருந்தால் யாரோ ஒரு வெளியாள் வந்திருப்பார். அவ்வளவுதான்.

எல்லைக்கோடு:
சரி அண்ணா, ஆண்கள் பக்கம் வாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏ-வில் அல் ஸ்கேட்ஸ் ஏறக்குறைய 50 சீசன், 19 பட்டங்கள். கடைசிப் பட்டம் 2006-ல். அவரிடம் ஆடி, அவருக்கே துணையாக இருந்த ஜான் ஸ்பெரா, கொஞ்சம் தெற்கே இருக்கும் இர்வைன் வளாகத்துக்குப் போய் 2007, 2009, 2012 என்று மூன்று பட்டங்கள் வாங்கினார். வாரிசு தயார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனாலும் ஸ்கேட்ஸ் 2012 வரை இருந்தார்.

பழைய லிபரோ:
அதே ஸ்பெரா யுசிஎல்ஏ-வுக்கு வந்து பட்டம் வாங்கியது எப்போது? 2023-ல். பதினோரு சீசன். நாற்காலியில் ஆள் மாறினால் கோப்பை வந்துவிடாது என்பதற்கும் அவர்தான் சான்று. ஸ்கேட்ஸ் பல வருஷம் பகலில் ஆரம்பப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே அந்த அணியை வளர்த்தவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து "போதும், கிளம்புங்கள்" என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவரும் கடைசி சீசன் எது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் டச்:
இரண்டு பேரும் கோப்பையை வைத்தே பேசுகிறீர்கள். ஃபுளோரிடாவின் மேரி வைஸ் 34 சீசன் இருந்தார். தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2003, 2017 இரண்டு முறையும் இறுதிப் போட்டியில் தோல்வி. கோப்பைதான் கணக்கு என்றால் அவர் எப்போதோ போயிருக்க வேண்டும். ஆனால் முன்னணிப் பெண்கள் அணிகளிலேயே பெண் தலைமை கோச் குறைவாக இருந்த காலத்தில் அவர் நின்று காட்டினார். 2025 தொடக்கத்தில்தான் விலகினார்.

நான் பார்ப்பது ஆட வரும் பிள்ளைகளை. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாதி முடிவு அந்த கோச்சை நம்பித்தான். நாலு வருஷமும் நீங்கள் இருப்பீர்களா என்று பெற்றோர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் எதிரணிக்குப் போய்விடுவாள். மறைத்தால் அவளுக்குத் துரோகம். ஒரு வருஷம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம் என்பதால், கோச் போகிற செய்தி வந்தாலே அணி கலைந்துவிடும் பயம் வேறு.

அதனால்தான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் செய்தது எனக்குப் பிடிக்கிறது. 1999-ல் அங்கே தலைமை கோச்சாக இருந்த டெரி பெட்டிட், விஸ்கான்சினில் தலைமை கோச்சாக இருந்த ஜான் குக்கைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். மறுவருஷம் குக் பொறுப்பேற்றதும் 34 ஆட்டங்கள், 34 வெற்றிகள், பட்டம். 25 சீசனும் நான்கு பட்டங்களும் கழித்து, 2025 ஜனவரியில் குக் ஓய்வு என்று சொன்ன கையோடு டேனி பஸ்பூம் கெல்லியின் பெயரும் வந்துவிட்டது. 2006-ல் அங்கே ஆடிப் பட்டம் வாங்கியவர், 2015 பட்டத்தின்போது துணை கோச். பிள்ளைகளுக்குக் குழம்ப நேரமே இல்லை.

எல்லைக்கோடு:
அக்கா, நெப்ராஸ்கா பிள்ளைகள் குழம்பவில்லை. லூயிவில் பல்கலைக்கழகப் பிள்ளைகள்? டேனி அதுவரை அங்கேதான் தலைமை கோச். 2022-லும் 2024-லும் அணியை இறுதிவரை கொண்டுபோனவர். அவரை நம்பிச் சேர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் கோச் இல்லை.

மூன்றாம் டச்:
உண்மை. ஆனால் லூயிவில்லும் பக்கத்திலேயே ஆள் வைத்திருந்தது. துணையாக இருந்த டேன் மெஸ்கியிடம் உடனே பொறுப்பு போனது. நான் சொல்ல வருவதே அதுதான். பெஞ்சில் அடுத்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. கோச்சுக்கு வயது 60-ஆ 70-ஆ என்பதல்ல.

எல்லைக்கோடு:
எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பெண்கள் தேசியப் போட்டி 1981-ல் தொடங்கியது. 2023 வரை பட்டம் வாங்கிய ஒவ்வொரு தலைமை கோச்சும் ஆண். ஆடி, ஜெயித்து, துணை கோச்சாக உழைத்த பெண்கள் எத்தனையோ பேர். தலைமை நாற்காலி மட்டும் காலியாகவில்லை. ஒரு ஜாம்பவான் இன்னும் ஐந்து வருஷம் இருக்கட்டும் என்றால், அந்த ஐந்து வருஷம் யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம்?

2024 அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். நெப்ராஸ்கா முதல் இரண்டு செட்டையும் ஜெயித்துவிட்டது. நான்காவது செட்டில் இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதிப் போட்டி. பென் ஸ்டேட் அதைத் தடுத்து ஐந்தாவது செட்டுக்கு இழுத்து ஜெயித்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்தது குக். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். இந்தப் பக்கம் கேட்டி, மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டே அந்த சீசனை நடத்தியவர். இறுதியிலும் எதிரே டேனி. யார் ஜெயித்தாலும் முதல் பெண் கோச் என்று முன்பே தெரிந்துவிட்டது. இது பத்து வருஷம் முன்பே நடந்திருக்கக் கூடாதா?

பழைய லிபரோ:
நடந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஹவாயில் டேவ் ஷோஜியை அனுப்பியிருப்பீர்களா? 42 சீசன். கடைசிப் பட்டம் 1987-ல், விலகியது 2017-ல். பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லாத தீவில் மக்களுக்கு அந்த வாலிபால் அணிதான் சொந்த அணி. அவருக்குப் பின் வந்தவரும் அவரிடம் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) ஆடிய பெண்தான், மூன்று ஒலிம்பிக் கண்ட ராபின் ஆ மோ. பெரியவர் இருந்ததால் எந்தக் கதவும் அங்கே அடைபடவில்லை.

மூன்றாம் டச்:
இடத்துக்கு இடம் மாறும், சரி. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒன்று வைக்கலாம். துணை கோச்சுக்கு வேறு பல்கலைக்கழகத்திலிருந்து தலைமைப் பொறுப்புக்கு அழைப்பு வரும் நாளில், மூத்தவர் விளையாட்டு இயக்குநரோடு உட்கார்ந்து தன் கடைசி சீசன் எது என்று சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் அந்த உதவியாளர் இருப்பதா போவதா என்று தெரிந்து முடிவெடுப்பார்.

எல்லைக்கோடு:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தப் பேச்சை மூத்தவர் தொடங்கட்டும் என்று விடக் கூடாது. ஏழு கோப்பை வாங்கியவரிடம் போய்க் கேட்க இயக்குநருக்கே கூச்சமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் அடுத்தது யார் என்ற கேள்வியை அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.