மணி என்ற சொல்லில் முந்தியது ஒளியா, ஒலியா?

புலோலியூரான்:
யாழ் நகர மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. அதன் பெயரில் உள்ள மணி எங்கிருந்து வந்தது? என் கருத்தில் அது வடசொல்லே. இருக்கு வேதத்திலேயே மணி என்பது அணிகலனைக் குறிக்கிறது. உருண்டு திரண்டிருக்கும் வடிவத்தால் அப்பெயர் பாசிமணிக்கும் நெல்மணிக்கும் கண்மணிக்கும் பரவி, கடைசியில் கோயில் மணிக்கும் ஆயிற்று.

நல்லூர்வாசி:
கடைசியில் என்று எதைக் கொண்டு சொல்கிறீர்கள், ஐயா? வடமொழியில் ஒலிக்கும் மணிக்குப் பெயர் கண்டா. ஆங்கில 'கேற்'றோடு (gate) நம் வாசலை ஒட்டிய 'கேற்றுவாசல்' என்பதுபோல அதையும் நம் சொல்லையும் ஒட்டித்தான் கண்டாமணி என்கிறோம். அகநானூற்றின் 4ஆம் பாடலில், பூந்தாது உண்ணும் வண்டுகள் வெருண்டுவிடுமோ என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனைக் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். அவர் ஆளும் சொல் 'மணிநா'. இரத்தினத்துக்கு ஏது நா?

புலோலியூரான்:
அதே அகநானூற்றின் இரண்டாம் பகுதிக்கு மணிமிடை பவளம் என்று பெயர். பவளத்தோடு மிடைந்தது நீலமணியே. மணிக்கட்டு என்ற சொல்லையும் பாருங்கள், வடமொழியின் மணிபந்தத்துக்கு நேர் இணையாக நிற்கிறது.

நல்லூர்வாசி:
பகுதிப்பெயர் தொகுத்தவர் இட்டது. மருதனாரின் சொல்லோ பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரத்தினப் பொருள் வடக்கே பழையது என்பதை நான் மறுக்கவில்லை. ஒலிப்பொருள் தமிழில் வேரூன்றியது என்பதே என் வாதம். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்லும், கன்றை இழந்த பசு நீதி கேட்டு மணியடித்த கதையைச் சிலப்பதிகாரக் கண்ணகி சொல்லும்போது, 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட' என்கிறாள். முதல் மணி அரண்மனை வாயிலில் ஒலிப்பது, அடுத்தது பசுவின் கண்மணி. கேட்பவர் இரண்டையும் உடனே பிரித்தறிந்திருக்காவிட்டால் அந்த நயமே எடுபட்டிராது.

கொடிகாமத்தான்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. தெலுங்கில் கண்ட என்ற ஒரே சொல் ஒலிக்கும் மணியையும் அறுபது நிமிடத்தையும் குறிக்கும். மலையாளிகள் அந்த அறுபது நிமிடத்தை மணிக்கூர் என்பார்கள். அடித்து அறிவித்ததால்தான் நேரம் மணியாயிற்று. ஆகவே நம் மணிக்கூட்டில் இருப்பது ஒலிமணியே.

புலோலியூரான்:
மணிக்கூட்டை விட்டுக்கொடுக்கிறேன், மருதனாரை விடமாட்டேன். தேரில் பூட்டிய மணிகள் கழுத்துமாலை மணிகளைப்போலச் சிறியவை, வரிசையாகக் கோக்கப்பட்டவை. நா பிற்பாடு அமைந்த உறுப்பு. பெயரைத் தந்தது அந்த உருண்டை வடிவம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.